தலைக்காக வனைந்த குடம்: புவெப்லோ மக்களின் தண்ணீர்ப் பானைகள்

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பூர்வகுடிகளான புவெப்லோ மக்களின் பழைய தண்ணீர்க் குடத்தை அருங்காட்சியகத்தில் பார்க்கிற எவருக்கும் அதன் அடி கண்ணில் படுவதில்லை. கண்ணாடிப் பேழைக்குள் குடம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பும் செங்காவியுமாக ஓடும் கோலங்களிலேயே கண் நின்றுவிடும். அந்தக் குடம் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பதற்கான விடையோ அடியில் இருக்கிறது. கவிழ்த்தால் தெரியும்: நடுவில் உள்நோக்கி அழுந்திய ஒரு குழி. ஒரு பெண்ணின் உச்சந்தலையில் பொருந்துவதற்காக விட்ட குழி அது.

இன்று இந்தக் குடங்கள் கலைப்பொருளாக ஏலம் போகின்றன. பெரிய அருங்காட்சியகங்களில் இடம்பெற்றிருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனாலும் குடத்தின் ஒவ்வொரு வளைவும் தண்ணீர் சுமந்த உழைப்பிலிருந்து பிறந்தது என்பதை விட்டுவிட்டுப் பார்த்தால் அழகில் பாதிதான் கண்ணுக்குக் கிடைக்கும். மீதிப் பாதியைப் பார்க்க, குடம் நடந்த வழியில் போக வேண்டும்.

அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 19 புவெப்லோ ஊர்கள் இருக்கின்றன. அரிசோனாவின் வடகிழக்கில் ஹோப்பி மக்களின் ஊர்கள். மொழிகள் வேறு வேறு, சடங்குகள் வேறு வேறு. ஆனால் கல்லாலும் மண்ணாலும் நெருக்கமாகக் கட்டிய வீடுகள், மக்காச்சோள விவசாயம், மண்பாண்டம் மூன்றும் எல்லோருக்கும் பொது. இவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாவது இந்த நிலத்தில் மண்பாண்டம் செய்துவந்திருக்கிறார்கள். அதற்கும் முந்தைய காலத்தில் கூடை முடைந்தவர்கள் அவர்கள்.

ஊர்களில் அகோமாவை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் வறண்ட பள்ளத்தாக்கு. நடுவில் நான்கு பக்கமும் செங்குத்தாக எழுந்த மணற்பாறை மேடு, ஏறத்தாழ 110 மீட்டர் உயரம். அதன் தலையில் ஊர். ஆண்டு மழை 250 முதல் 300 மில்லிமீட்டர்தான். மேட்டின் மேல் ஆறும் கிடையாது, கிணறும் கிடையாது. பாறையில் இயற்கையாக அமைந்த குழிகளில் தேங்கும் மழைநீரும் உருகிய பனியும்தான் அந்நாளில் ஊருக்குக் குடிநீர். 1540இல் கொரோனாதோவின் ஸ்பானியப் படையினர் இங்கே வந்தபோது, பனியையும் நீரையும் தேக்கும் தொட்டிகள் மேலே இருப்பதை அவர்களுடைய குறிப்பு பதிவு செய்திருக்கிறது. எட்வர்ட் கர்டிஸ் 1904இல் எடுத்த புகழ்பெற்ற புகைப்படம் இதே பாறைச் சுனையின் ஓரத்தில், குடங்களோடு நிற்கும் அகோமாப் பெண்களைக் காட்டுகிறது. கர்டிஸ் தம் படங்களைத் திட்டமிட்டு அமைத்து எடுப்பவர் என்பது தெரிந்ததே. இருந்தாலும் அந்தச் சுனை மெய், குடம் மெய், அங்கிருந்து வீடு வரை நடக்க வேண்டிய பாறையும் மெய்.

சுனை ஓரத்தில் மண்டியிட்டு, சுரைக்குடுக்கையால் நீரை மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். நிறைந்ததும் தூக்கித் தலையில் வைக்க வேண்டும். கரடுமுரடான பாறையில், படியில், சில சமயம் ஏணியில் போக வேண்டும். 25 சென்டிமீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு குடம் எட்டு முதல் பத்து லிட்டர் கொள்ளும். குடத்தின் எடையையும் சேர்த்தால் 11, 12 கிலோ. இது ஒரு நடைக்கு.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு குடத்தை மறுபடி பார்த்தால் எல்லாம் பேசத் தொடங்கும். அடிக்குழி தலையில் பிடிமானம் தருகிறது. சிலர் யுக்கா என்ற வறண்ட நிலச் செடியின் நாரில் முடைந்த சும்மாட்டையும் வைத்துக்கொள்வார்கள். குழி அந்த வளையத்தின் மேலும் கச்சிதமாக உட்காரும். அதே குழி, வீட்டு மண்தரையில் இறக்கி வைத்தாலும் குடத்தை ஆடாமல் நிறுத்துகிறது, ஏனென்றால் குழியைச் சுற்றியுள்ள விளிம்பு மட்டும்தான் தரையைத் தொடும். வயிறு அகன்றிருப்பதால் உயரம் கூடாமலே அதிக நீர் கொள்ளும். தோளிலிருந்து வாய் நோக்கிச் சரிந்து குறுகும் பகுதி, நடக்கும்போது அலம்பும் நீரை உள்ளேயே திருப்பி அனுப்புகிறது. வாயை ஏன் இன்னும் குறுக்கவில்லை? சுரைக்குடுக்கை உள்ளே போக வேண்டும், கழுவக் கையும் போக வேண்டும். சிந்தாமலும் இருக்க வேண்டும், மொள்ளவும் முடிய வேண்டும் என்ற இரண்டு தேவைகளுக்கும் நடுவே கிடைத்த அளவு அது. அந்த அளவைக் கண்டுபிடித்தவர்கள், அந்தக் குடத்தைத் தாங்களே சுமந்த பெண்கள்.

அகோமாக் குடங்களின் சுவர் மெல்லியது என்று எல்லா விளக்க அட்டைகளும் புகழும். அது கைத்திறன் என்பதில் ஐயமில்லை. அதோடு இன்னொன்றையும் நினைக்கலாம்: தலையில் சுமக்கிறவளுக்கு, சுவரில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு பிடி மண்ணும் வீண் சுமை.

அந்த மெல்லிய சுவர் உடையாமல் நிற்பதற்குப் பின்னால் நுட்பமான வேலை இருக்கிறது. களிமண்ணை ஊருக்கு வெளியே தெரிந்த இடங்களில் தோண்டி எடுப்பார்கள். எடுக்கும்போது சோளமாவு படைத்து, மண்ணைத் தாயாக விளித்து வணங்குவது பல ஊர்களின் வழக்கம். பின் காயவைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, அரைத்து, ஊறவைத்துப் பிசைவார்கள். வெறும் களிமண்ணில் வனைந்தால் காயும்போதே சுருங்கி வெடிக்கும். அதனால் அதோடு ஏதாவது ஒன்றைப் பொடி செய்து கலந்தாக வேண்டும். என்ன கலக்கிறார்கள் என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. ஸியாவில் கருங்கல்லைப் பொடித்துக் கலக்கிறார்கள். இடிப்பது முதுகை ஒடிக்கும் வேலை, ஆனால் குடம் வன்மையாக நிற்கும். நிலவளம் குறைந்த ஸியா ஊர், அப்படிச் செய்த பாண்டங்களை அண்டை ஊர்களுக்குக் கொடுத்துத் தானியம் வாங்கிவந்தது. சாந்தா கிளாரா, சான் இல்தெஃபோன்சோ ஊர்களில் எரிமலைச் சாம்பல் கலப்பார்கள். அகோமாவிலும் ஸூனியிலும் பழைய உடைந்த பானை ஓடுகளையே அரைத்துக் கலக்கிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை சுட்ட மண் மேலும் சுருங்காது, புது மண்ணில் விரிசல் ஓடுவதையும் தடுத்து நிறுத்தும். பாட்டி காலத்துக் குடத்தின் ஓடு பேத்தி வனையும் குடத்துக்குள் போகிறது. அந்தப் பாட்டியின் குடத்துக்குள் அதற்கும் முந்தைய ஓடுகள் இருந்திருக்கும். இந்த மரபில் என்னை மிகவும் நெகிழவைக்கும் செய்தி இதுதான்.

சக்கரம் கிடையாது. தட்டையான கிண்ணம் போன்ற ஓர் அச்சில் குடத்தின் அடியை அமர்த்துவார்கள். தேவா மொழி பேசும் ஊர்களில் அதைப் புக்கி என்பார்கள். அதன்மேல் மண்ணைக் கயிறுபோல் உருட்டி, சுற்றுச் சுற்றாக அடுக்கி, விரலால் இணைத்து, சுரையோட்டுத் துண்டால் உள்ளும் புறமும் சுரண்டி மெலிதாக்குவார்கள். காய்ந்ததும் நீர்த்த வெள்ளைக் களியைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இந்த மெருகுக் கற்கள் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் சொத்து.

தூரிகை யுக்கா இலை. ஒரு முனையை மென்று, நாரை மட்டும் விட்டுவிட்டால் தூரிகை தயார். இரண்டு மூன்று நார்கள் மட்டும் உள்ள தூரிகையால், குடத்தின் வளைவில், முன்கூட்டி வரைந்துகொள்ளாமலே மயிரிழைக் கோடுகளை இழுப்பார்கள். கறுப்புக்கு, தேனீச்செடி என்று அழைக்கப்படும் ஒரு காட்டுச்செடியை வேகவைத்துச் சுண்டிய சாற்றில் இரும்புச் சத்துள்ள கல்லை உரைத்துச் சேர்ப்பார்கள்; சிவப்புக்குக் காவிமண். சூளை என்று கட்டிவைத்த ஒன்று இல்லை. திறந்த வெளியில் கற்களின் மேல் குடத்தை வைத்து, உடைந்த ஓடுகளால் மூடி, சுற்றிலும் காய்ந்த ஆட்டுச்சாணக் கட்டிகளையோ வறட்டிகளையோ அடுக்கித் தீ வைப்பார்கள். ஆடும் மாடும் ஸ்பானியர்களோடு வந்தவை. அதற்கு முன் விறகுதான், ஹோப்பிப் பகுதியில் நிலக்கரியும் உண்டு. காற்று திடீரென்று திரும்பினால் வாரக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் கருகும், இல்லையென்றால் வெடிக்கும்.

இந்தத் தீயின் சூடு, மண்ணைக் கண்ணாடிபோல் இறுக்கும் அளவுக்குப் போவதில்லை. எனவே சுவரில் நுண்துளைகள் மிஞ்சுகின்றன. தண்ணீர்க் குடத்துக்கு இது குறை அல்ல, வரம். நீர் மெல்லக் கசிந்து வெளிப்பரப்பில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பத்து லிட்டர் உள்ள குடத்திலிருந்து நூறு மில்லிலிட்டர் ஆவியானால், மீதமுள்ள நீரின் வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கும். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், காற்றில் ஈரமே இல்லாத அகோமாவில் இது நன்றாகவே வேலை செய்யும்.

இதற்கு விலையும் உண்டு. நீரில் கரைந்துள்ள உப்புகள் கசியும் நீரோடு வெளியே வந்து, பூச்சுக்கு அடியில் படிகமாகின்றன. நாளடைவில் பூச்சு பொருக்குப் பொருக்காக உரியும். உண்மையிலேயே உழைத்த ஒரு குடத்தில் கீழ்ப்பாதி வெளுத்திருக்கும், அடிவிளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும், வாயின் உள்விளிம்பில் குடுக்கை பட்டுப்பட்டு வண்ணம் போயிருக்கும். சேகரிப்பாளர்கள் சிலர் இவற்றைச் சேதம் என்று விலையைக் குறைக்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. ஒரு குடும்பம் அந்தக் குடத்திலிருந்து குடித்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

எல்லா ஊரிலும் தலையில்தான் சுமந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஹோப்பி ஊர்கள் உயர்ந்த பாறைமேடுகளின் விளிம்பில் இருக்கின்றன. அவர்களுடைய ஊற்றுகள் பலவும் மேட்டின் அடிவாரத்தில். செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏற இரண்டு கையும் தேவைப்படும், தலையில் குடம் நிற்காது. அங்கே உருவானது வேறொரு கலம்: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைத்த வயிறு, விரல்கள் மட்டும் நுழையும் வாய், இரு பக்கமும் சிறு காது. தட்டைப் பக்கம் முதுகில் படியும். துணியில் கட்டியோ காதில் கயிறு கோத்தோ, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு குனிந்து ஏறுவார்கள். 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் இந்தக் கோலத்தில் பெண்களைக் காணலாம். தலைக்கு ஒரு குடம், முதுகுக்கு ஒரு குடம் என்று நிலத்தின் சரிவு கலத்தின் வடிவத்தை முடிவு செய்திருக்கிறது. வயலுக்குப் போகிறவர்கள் எடுத்துச்செல்லும் சிறிய கலங்களும் இதே குடும்பம்தான்.

இனி ஓவியங்கள். மழை இத்தனை அரிதான ஊரில், தண்ணீர்க் குடத்தின் மேல் மழையைத் தவிர வேறென்ன வரைவார்கள் என்று கேட்கத் தோன்றும். படிப்படியாக உயரும் வடிவம் மேகம். நெருக்கமான மெல்லிய இணைகோடுகள் பெய்யும் மழை. குடத்தைச் சுற்றி வளையும் அகன்ற சிவப்புப் பட்டை பல இடங்களில் வானவில். அகோமா, ஸியா குடங்களில் பறவைகள் உண்டு. ஸூனிக் குடங்களில் வாயிலிருந்து இதயம் வரை சிவப்புக் கோடு ஓடும் மான்கள் நிற்கும். ஸூனி மக்களின் சடங்குக் கிண்ணங்களில் தலைப்பிரட்டை, தவளை, தும்பி மூன்றும் வரும். நீர் இல்லாமல் பிழைக்காத உயிர்கள் மூன்றும். சாந்தா கிளாராவில் வண்ணமே பூசாமல் கருமெருகு ஏற்றிய பெரிய குடங்களின் தோளில் கரடிப் பாதத் தடம் பதிப்பார்கள். வறட்சிக் காலத்தில் ஒரு கரடிதான் மக்களைத் தண்ணீருக்கு அழைத்துச் சென்றது என்பது அந்த ஊர் மரபு. அந்தப் பெருங்குடங்களை 20ஆம் நூற்றாண்டில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் மார்கரெட் டஃபோயா (1904–2001).

ஆனால் இந்தச் சின்னத்துக்கு இதுதான் பொருள் என்று பட்டியல் போட்டு முடித்துவிடுவது ஆபத்து. ஒரே வடிவத்துக்கு ஒருவர் மேகம் என்பார், இன்னொருவர் அழகுக்காக என்பார், மூன்றாமவர் வெளியாருக்குச் சொல்லக் கூடாதது என்று வாய்மூடிவிடுவார். மூன்றையும் மதிக்க வேண்டும்.

பல பழைய குடங்களில் கழுத்தையும் வயிற்றையும் பிரிக்கும் கறுப்புக் கோடு முழுவதும் சுற்றி வந்து சேராது. ஓரிடத்தில் சிறு இடைவெளி விட்டிருக்கும். 1879 முதல் சில ஆண்டுகள் ஸூனி ஊரில் தங்கியிருந்த மானிடவியலாளர் ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங், அது குடத்துக்குள் இருக்கும் உயிர் வெளியேறும் வழி என்று தமக்குச் சொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறார். குடம் உயிருள்ளது, தட்டினால் எழும் ஒலி அதன் குரல், சுடும்போது வெடித்தால் எழும் ஓசை அந்த உயிர் பிரியும் ஓசை என்றும் அவர் பதிவு செய்தார். குஷிங் வெளியார், தம் கற்பனையைக் கலந்து எழுதக்கூடியவர் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் குடத்தை உயிராகக் கருதும் பேச்சை இன்றைய புவெப்லோக் குயவர்களும் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள்.

ஓவியம் எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அகோமா, ஸூனிக் குடங்கள் பலவற்றில் கழுத்துக்கு ஒரு வரிசை, வயிற்றுக்கு ஒரு வரிசை. அதற்குக் கீழே வெறும் பூச்சுதான். தலையில் குடத்தோடு ஒருத்தி எதிரே வந்தால் கண்ணில் படுவது வயிறும் கழுத்தும். வீட்டில் குடத்தருகே உட்கார்ந்து நீர் மொள்ளும்போது மேலிருந்து தெரிவது தோளும் கழுத்தும். யாருக்கும் தெரியாத, தரையிலும் தலையிலும் உரசித் தேயும் பகுதியில் யாரும் வரைந்து வீணாக்கவில்லை. பேழையில் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்கும் நமக்கு இந்த இரண்டு பார்வையும் கிடைப்பதில்லை என்பதே என் குறை.

மாற்றம் தண்டவாளத்தில் வந்தது. 1879இல் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக வந்த குழு, ஸூனியிலும் மற்ற ஊர்களிலும் ஆயிரக்கணக்கான பொருள்களைச் சேகரித்து வாஷிங்டனுக்கு அனுப்பியது; பெரும்பகுதி மண்பாண்டம். 1880இல் ரயில் அல்புகெர்க்கியை எட்டியது. ரயிலோடு தகர வாளியும் எனாமல் பாத்திரமும் வந்தன. வாளி உடையாது, விலையும் அதிகமில்லை. தினமும் 12 கிலோ சுமக்கும் பெண்ணிடம் மரபைக் காப்பாற்று, வாளியைத் தொடாதே என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அதே ரயிலில் இறங்கிய பயணிகள், லகூனா போன்ற நிலையங்களில் நின்ற பெண்களிடம் கைக்கு அடக்கமான பானைகளை விலை பேசினார்கள். பெட்டியில் கொள்ளாத பெரிய குடத்தை வாங்க ஆளில்லை. ஆக வீட்டில் வாளி, நிலையத்தில் சிறு பானை. சில பத்தாண்டுகளில், வேலைக்காகப் பெரிய தண்ணீர்க் குடம் வனைவது பெரும்பாலான ஊர்களில் அருகிப்போனது.

1922இல் சாந்தா ஃபே பகுதியில் ஒரு விருந்தில் பழைய ஸூனித் தண்ணீர்க் குடம் ஒன்று உடைந்தது. இப்படி ஒவ்வொன்றாகப் போனால் என்ன மிஞ்சும் என்ற கவலையில் அங்கிருந்தவர்கள் ஒரு நிதியைத் தொடங்கி, பழைய குடங்களைத் தேடி வாங்கினார்கள். ஒட்டவைத்த அந்த ஸூனிக் குடமே தொகுப்பின் முதல் எண். அந்தத் தொகுப்பு இன்று சாந்தா ஃபேயில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. நல்ல நோக்கம்தான், ஆனால் குடங்கள் ஊரைவிட்டு வெளியேறியதும் அதே வழியில்தான். அதே வட்டத்தைச் சேர்ந்த ஹாரி மேரா, ஸியாக் குடம் ஒன்றில் இருந்த சூரியச் சின்னத்தை எடுத்து நியூ மெக்சிகோ மாநிலக் கொடியை வடிவமைத்தார். 1925இல் அது அதிகாரபூர்வக் கொடியானது. மஞ்சள் கொடியில் சிவப்புச் சூரியனை உலகமே அறியும். அதை வரைந்த ஊரிடம் ஒப்புதல் கேட்கவில்லை. ஸியா மக்கள் 1990களில் இழப்பீடு கேட்டுப் போராடியது அதனால்தான்.

இதே காலத்தில் குயவர்கள் தங்கள் வழியில் கலையை மீட்டார்கள். ஹோப்பி நிலத்தில் நம்பெயோ, சான் இல்தெஃபோன்சோவில் மரியா மார்டினெஸும் கணவர் ஹூலியனும், அகோமாவில் லூசி லூயிஸ் என ஒரு வரிசையே எழுந்தது. புகழ்பெற்ற கருமெருகுப் பானைகள் குறைந்த சூட்டில் சுட்டவை. சூடு கூடினால் மெருகு போய்விடும். அவற்றில் தண்ணீர் ஊற்றினால் பரப்பு கெட்டுவிடும் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லியே விற்கிறார்கள். குடத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது, அதன் வேலை மாறிவிட்டது. இதைச் சீரழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்த விற்பனை. மண் தோண்டவும் மெருகேற்றவும் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கக் காரணமாக இருந்ததும் அதுதான்.

தலையில் சுமக்கும் திறமையும் அழிந்துவிடவில்லை. ஸூனிப் பெண்கள் குடத்தைக் கைபிடிக்காமல் தலையில் நிறுத்தியபடி அணிவகுத்துப் பாடி ஆடும் குழுவை இன்றும் திருவிழாக்களில் பார்க்கலாம்.

2022இல் சாந்தா ஃபேயிலும், 2023இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் ஒரு கண்காட்சி நடந்தது. எந்தக் குடம் வைக்க வேண்டும், அதைப் பற்றி என்ன எழுத வேண்டும் என்பதை அறுபதுக்கும் மேற்பட்ட புவெப்லோ மக்களே முடிவு செய்தார்கள். குயவர்கள், கவிஞர்கள், ஊர்த் தலைவர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ கலத்தைத் தேர்ந்தெடுத்து, தங்கள் குடும்பத்துக்கும் அதற்கும் உள்ள உறவை எழுதினார்கள். நூறாண்டுக்கு மேலாக வெளியாரே எழுதிவந்த விளக்க அட்டையை, அந்தக் குடத்தைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.